தாளத்தைக் குற்றமாக்கிய சட்டம்

பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் இரவு முழுவதும் நடைபெற்ற 'ரேவ்' என்னும் நடனக் கூடுகைகளின் பழைய ஒலிப்பதிவுகள் இன்று இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அரங்கின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்தே நேரடியாகக் கேசட்டில் பதிவு செய்யப்பட்டவை அவை. ஆறு கேசட், எட்டு கேசட் என ஒரே பெட்டியில் அடுக்கி விற்றார்கள். வாங்கியவர் நண்பருக்குப் படியெடுத்துக் கொடுத்தார். அவர் மற்றொருவருக்குக் கொடுத்தார். அப்படிக் கைமாறித் தேய்ந்த நாடாக்களை, இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்ட அன்றைய இளைஞர்கள் கணினியில் ஏற்றிப் பாதுகாத்து வருகிறார்கள்.

பழக்கமில்லாத காதுக்கு இந்தப் பதிவுகள் வெறும் இரைச்சலாகவே தோன்றும். மூச்சு வாங்க வைக்கும் வேகத்தில் இயந்திரத் தாளம் அடித்துக்கொண்டே இருக்கிறது. கூட்டத்திலிருந்து ஊதல்களும் ஹாரன்களும் எழுகின்றன. ஓர் இசைத்துண்டு உச்சத்தை எட்டும் நேரத்தில் நாடா முடிந்துபோகிறது. மறுபக்கம் எங்கோ நடுவில் தொடங்குகிறது. இவை அனைத்துக்கும் மேலாக, ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் குரல் கேட்கிறது. அவர் ஊர்களின் பெயர்களைச் சொல்லி அழைக்கிறார். கவென்ட்ரி என்கிறார், ஒரு மூலையிலிருந்து ஆரவாரம் எழுகிறது. பர்மிங்காம், ஸ்டோக், மான்செஸ்டர் என்று அழைப்பு தொடர்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தின் ஒரு பகுதி பதில் குரல் கொடுக்கிறது.

பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்க வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல. கார் ஆலைகளின் கவென்ட்ரி, உலோகத் தொழிலின் பர்மிங்காம், பீங்கான் சூளைகளும் நிலக்கரிச் சுரங்கமும் கொண்ட ஸ்டோக், பருத்தியின் மான்செஸ்டர். 1980களில் ஆலைகள் மூடப்பட்டு வேலை பறிபோன ஊர்களின் வருகைப் பதிவேடுபோல் அந்த அழைப்பு ஒலிக்கிறது.

இந்த இரைச்சலை ஒடுக்குவதற்கென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1994இல் ஒரு சட்டத்தையே இயற்றியது. அந்தச் சட்டம் பிறந்த கதை இசைப் பிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல. பிறருடைய ரசனை நமக்கு உவப்பாக இல்லை என்பதற்காக அவர்களது உரிமை பறிக்கப்படும்போது வாளாவிருந்தால், நாளை அதே சட்டம் யார் வாசலுக்கு வந்து நிற்கும் என்பதை அக்கதை சொல்கிறது.

மூடிய ஆலைகளில் எழுந்த ஓசை

மார்கரெட் தாட்சர் 1979இல் ஆட்சிக்கு வந்தார். சில ஆண்டுகளிலேயே வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 1984 மார்ச்சில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்து, 1985 மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. சங்க உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டப்பட்டன. பள்ளிப் படிப்பை முடித்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன் வேலை பார்த்த ஆலையில் இடமில்லை. 'இளைஞர் பயிற்சித் திட்டம்' என்ற பெயரில் சொற்பத் தொகைக்கு உழைப்பதே பலருக்கு விதிக்கப்பட்டது.

லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரம் பருத்தி நெசவுக்குப் பெயர்பெற்றது. அந்த வட்டாரத்தின் ஆலைத்துணி நமது கைத்தறி நெசவாளர்களின் வாழ்வை அழித்த வரலாறு நாம் அறிந்ததே. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தி, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் லங்காஷயர் தொழிலாளர்களுக்கு நேர்ந்ததை நேரில் காணும்படி, பிளாக்பர்னை அடுத்த டார்வெனுக்கு அழைக்கப்பட்டார். பெண் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து நின்று உற்சாகமாக வரவேற்கும் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. எங்கள் எதிரி மூலதனம்தான், இந்திய நெசவாளர் அல்லர் என்று அந்த முகங்கள் சொல்வதுபோல் தோன்றும்.

அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த ஆலைகளும் கிடங்குகளும் ஆளரவமற்றுக் கிடந்தன. 1989–90 குளிர்காலத்தில் பிளாக்பர்ன் இளைஞர்கள் அவற்றின் பூட்டுகளைத் திறந்தார்கள். ஒலிபெருக்கிகளை ஏற்றினார்கள். மின்னாக்கியை ஓட்டினார்கள். வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கு விடியவிடிய ஆடினார்கள். தறிகள் இரைந்த கூடத்தில், தறிகள் போனபின் வேறோர் இயந்திர ஓசை எழுந்தது. தெற்கில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களிலும் விமானக் கொட்டகைகளிலும் இதேபோன்ற கூடுகைகள் நடந்தன. இடம் கடைசி நேரம் வரை வெளியே தெரியாது. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் பதிவு செய்யப்பட்ட குரல் வழி சொல்லும்.

இசையின் வேரும் உழைக்கும் மக்களிடமே இருந்தது. ரேவ் இசையின் மூல வடிவங்களான ஹவுஸ், டெக்னோ இரண்டும் அமெரிக்காவின் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களின் கறுப்பின இளைஞர்களிடம் பிறந்தவை. சிகாகோவில் இதை வளர்த்த மன்றங்களில் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள் பெருமளவில் இருந்தனர். டெட்ராய்ட் கார் உற்பத்தியின் தலைநகரமாக இருந்து நசிந்த நகரம். பிரிட்டனுக்கு வந்தபின் இந்த இசையோடு கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் ஒலிபெருக்கிக் கலாச்சாரம் கலந்தது. ஊர்ப் பெயர்களை அழைக்கும் அந்தக் குரலும் அங்கிருந்து வந்த மரபுதான்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் 'டிபி-303' என்னும் சிறு மின்னிசைக் கருவியை வெளியிட்டது. தனியாகப் பயிற்சி செய்யும் இசைஞருக்குத் துணையாகப் பேஸ் கித்தார் போல ஒலிப்பதற்கென உருவாக்கப்பட்ட அக்கருவி சந்தையில் தோற்றது. உற்பத்தி சில ஆண்டுகளில் நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கித் திருகிப் பார்த்து ஒரு புதிய ஓசையைக் கண்டுபிடித்தனர். 1987இல் வெளியான 'ஆசிட் டிராக்ஸ்' அவ்வாறு பிறந்தது. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அதே கருவியைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது அன்று எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபிறகே உலகம் வியந்து கேட்டது. சிகாகோ இளைஞர்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டவர்கள் அல்லர். சரண்ஜித் சிங்குக்கும் சிகாகோ தெரியாது. புதியதைப் படைக்கும் ஆற்றல் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமை அல்ல என்பதற்கு இது சான்று.

உழைத்தவருக்குப் பலன் சேராத கதையும் இந்த இசைக்குள் உண்டு. ரேவ் பதிவுகளில் ஓயாமல் கேட்கும் ஒரு முழவுத் துண்டு, 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்னும் அமெரிக்கக் குழு வெளியிட்ட ஒரு பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. சில நொடிகளே நீளும் அத்துண்டு ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. அதை வாசித்த கறுப்பினக் கலைஞர் கிரிகரி கோல்மன் 2006இல் வீடற்றவராக இறந்தார். இரவலாக எடுத்த இளைஞர்களைக் கொள்ளையர் என்று சொல்லிவிட முடியாது. அவர்களும் கையில் காசில்லாதவர்கள். ஆனால் அந்த இசையை வைத்துப் பின்னாளில் பெரும்பொருள் ஈட்டிய நிறுவனங்களிலும் கோல்மனுக்கென ஒரு பங்கு எழுதி வைக்கப்படவில்லை.

அரசு எதைக் கண்டு அஞ்சியது

பூட்டிய கிடங்கில் சில ஆயிரம் பேர் ஆடுவதால் அரசுக்கு என்ன நட்டம்? அன்றைய பத்திரிகைகள் போதைப்பொருள் என்று பதில் சொல்லின. அது பொய்க் காரணம் அல்ல. அதைப் பற்றிப் பின்னர் பேசுவோம். ஆனால் அரசின் நடவடிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அச்சம் வேறிடத்தில் இருந்தது புலப்படும்.

1984இல் கென்ட் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் பிற மாவட்டத் தோழர்களுக்கு ஆதரவாக மறியலுக்குச் சென்றபோது, டார்ட்ஃபோர்ட் சுரங்கப் பாதையிலேயே காவல்துறை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. 1984 ஜூன் 18 அன்று ஆர்கிரீவில் குதிரைப்படையை ஏவித் தொழிலாளர்களை அடித்தது. 1985 ஜூன் 1 அன்று, கோடைத் திருவிழாவுக்காக ஸ்டோன்ஹெஞ்ச் நோக்கிச் சென்ற நாடோடி வாழ்க்கையினரின் வண்டிகளை வில்ட்ஷயரில் மறித்து நொறுக்கி 500க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் காவுகொண்டது. காவல்துறை பழியை ரசிகர்கள் மீதே சுமத்தியது. அது பொய் என்று சட்டப்படி நிலைநாட்ட 2016 வரை குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. உழைக்கும் மக்கள் கூட்டமாக நின்றாலே அது அச்சுறுத்தல் என்பதுதான் அந்தப் பத்தாண்டில் அரசு இயந்திரத்தின் பார்வை.

ரேவ் கூடுகைகளையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். 1989இல் கென்ட் காவல்துறையில் இதற்கெனத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. 1990இல் அனுமதியற்ற நிகழ்ச்சிகளுக்கான அபராதத்தை 20,000 பவுண்டு வரையும், தண்டனையை ஆறு மாதச் சிறை வரையும் உயர்த்தும் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சம் என்னுமிடத்தில் ஒரு கிடங்கைச் சுற்றி வளைத்து ஒரே இரவில் 836 பேரைக் கைது செய்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது வழக்கே தொடரப்படவில்லை. கூடினால் கைது என்பதே செய்தி.

1992 மே மாத இறுதியில் நிகழ்ந்தது திருப்புமுனை. ஏவன் பகுதியில் ஆண்டுதோறும் நடைபெறும் கட்டணமற்ற திருவிழாவைக் காவல்துறை நடக்கவிடாமல் தடுத்தது. மாவட்டம் மாவட்டமாக விரட்டப்பட்ட நாடோடி வண்டிகளும், அவற்றோடு சேர்ந்துகொண்ட ரேவ் குழுக்களும் வூஸ்டர்ஷயரில் மால்வெர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள காஸல்மார்ட்டன் பொதுநிலத்தில் வந்து சேர்ந்தன. தொலைக்காட்சிச் செய்தி கண்டு மேலும் பலர் திரண்டனர். 20,000க்கும் மேற்பட்டோர் ஒரு வாரக்காலம் அங்கு கூடியிருந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. நுழைவுக் கட்டணம் இல்லை, உரிமையாளர் இல்லை, விளம்பரதாரர் இல்லை.

'பொதுநிலம்' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் விவசாயிகளிடமிருந்து பொதுநிலங்கள் வேலியிட்டுப் பறிக்கப்பட்டதை மூலதனத்தின் ஆதித் திரட்டலின் அத்தியாயமாக மார்க்ஸ் விளக்கியுள்ளார். அந்தப் பறிப்பிலிருந்து எஞ்சியவற்றுள் ஒன்றுதான் காஸல்மார்ட்டன். காசு கொடுக்காமல், எவரிடமும் அனுமதி கேட்காமல் மக்கள் ஒரு பொது இடத்தில் பெருந்திரளாகக் கூடி மகிழலாம் என்பதே ஆளும் வர்க்கத்தை உறுத்தியது.

'ஸ்பைரல் டிரைப்' என்ற இசைக்குழுவைச் சேர்ந்த 13 பேர் மீது வழக்குப் போடப்பட்டது. பல வாரங்கள் விசாரணை நடந்தது. 40 லட்சம் பவுண்டு செலவானது. 1994இல் அனைவரும் விடுதலையாயினர். இருந்த சட்டத்தால் தண்டிக்க முடியவில்லை என்றால் ஆளும் வர்க்கம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். புதிய சட்டம் அதற்குள் தயாராகிக்கொண்டிருந்தது.

சட்டத்தின் மற்ற பக்கங்கள்

1994 நவம்பர் 3 அன்று 'குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம்' அரச ஒப்புதல் பெற்றது. அதன் 63ஆவது பிரிவு, திறந்தவெளியில் நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் இரவில் உரத்த இசையோடு கூடி அப்பகுதியினருக்குக் கடும் தொல்லை தரும் கூடுகைகளைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு வழங்கியது. எது இசை என்பதற்கும் விளக்கம் தந்தது. அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வரும் தாள அடிகளையே முழுமையாகவோ பெருமளவிலோ இயல்பாகக் கொண்ட ஒலிகளும் இசையில் அடங்கும் என்றது அச்சட்டம். இந்த விளக்கத்தின்படி பார்த்தால் நமது பறையும் தவிலும் செண்டையும்கூடத் தப்ப முடியாது! மான்செஸ்டரின் 'ஆட்டெக்கர்' இசைக்குழு இதைக் கேலி செய்து அவ்வாண்டே ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதிலுள்ள ஓர் இசைத்துண்டில் எந்தத் தாள வரியும் திரும்ப வராது. அதை ஒலிக்கவிடுவோர் ஒரு வழக்கறிஞரையும் ஓர் இசை அறிஞரையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது என்று அட்டையில் அறிவுரையும் இருந்தது.

கேலிக்குரியது இசைபற்றிய வரையறை மட்டுமே. மற்றவை மிகத் தெளிவாகத் திட்டமிடப்பட்டவை. ரேவ் நடக்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் அங்கு செல்வோரை வழிமறித்துத் திருப்பி அனுப்பலாம் என்றது 65ஆவது பிரிவு. டார்ட்ஃபோர்டில் சுரங்கத் தொழிலாளர்களிடம் பரிசோதிக்கப்பட்ட முறை இப்போது நடனமாடுவோர் பெயரால் சட்டப் புத்தகத்தில் ஏறியது. 60ஆவது பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் தனிப்பட்ட சந்தேகக் காரணம் எதுவும் இன்றியே எவரையும் நிறுத்திச் சோதிக்க வழிசெய்தது; அதன் சுமை இன்றுவரை கறுப்பின இளைஞர்கள் மீதே மிகுதியாக விழுகிறது. நாடோடிச் சமூகத்தினருக்குத் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்ற உள்ளாட்சிகளின் 1968ஆம் ஆண்டுக் கடமை நீக்கப்பட்டது. கைதானவர் மௌனம் காத்தால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் தரப்பட்டது. 68ஆவது பிரிவு 'கடுமையான அத்துமீறல்' என்னும் புதிய குற்றத்தை உருவாக்கியது: பிறரது நிலத்தில் நுழைந்து அங்கு நடக்கும் சட்டபூர்வ வேலைக்கு இடையூறு செய்தால் சிறை. இப்பிரிவைத்தான் பின்னாளில் வரி ஏய்ப்பை எதிர்த்துக் கடைக்குள் அமர்ந்தவர்கள் மீதும், பாறை எரிவாயு எடுப்பை எதிர்த்தவர்கள் மீதும் பயன்படுத்தினார்கள்.

இத்தகைய மசோதா நாடாளுமன்றத்திற்கு வந்தபோது எதிர்க்கட்சியான தொழிற்கட்சி என்ன செய்தது? இரண்டாம் வாசிப்பில் எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அப்போது உள்துறை விவகாரங்களில் அக்கட்சியின் பேச்சாளராக இருந்தவர் டோனி பிளேர். குற்றவாளிகளிடம் மென்மை காட்டும் கட்சி என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்பதே கணக்கு. போதையில் ஆடும் கூட்டத்திற்காக ஏன் வாக்கு இழக்க வேண்டும் என்று கருதியவர்கள், அந்த ஒரு வரையறைக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்றப் பிரிவுகளைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பு தெருவில் எழுந்தது. 1994இல் லண்டனில் மூன்று பெரும் பேரணிகள் நடந்தன. முதலாவது மே நாளன்றே நடந்தது. மூன்றாவது, அக்டோபர் 9 அன்று ஹைட் பூங்காவில் காவல்துறையுடன் மோதலில் முடிந்தது. சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த எதிர்ப்பில் பழகிய இளைஞர்கள் 'தெருக்களை மீட்போம்' என்ற இயக்கமாகத் திரண்டனர். 1995 செப்டம்பரில் லிவர்பூல் துறைமுகத்தில் சக தொழிலாளர்களின் மறியலைத் தாண்டிச் செல்ல மறுத்ததற்காகச் சுமார் 500 தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அப்போராட்டத்தின் முதலாம் ஆண்டு நிறைவில், 1996இல், இந்த இளைஞர்கள் லிவர்பூல் சென்று தொழிலாளர்களோடு நின்றனர். 1997 ஏப்ரலில் இருதரப்பாரும் லண்டனில் சேர்ந்தே பேரணி நடத்தினர். டிராஃபல்கர் சதுக்கத்தில் அதே தாளம் ஒலித்தது. 1998 தொடக்கத்தில் துறைமுகப் போராட்டம் தோல்வியில் முடிந்தது உண்மையே. ஆயினும், நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி கைநழுவவிட்ட கூட்டணியைத் துறைமுகத் தொழிலாளர்கள் தாங்களே உருவாக்கிக் காட்டினார்கள். காதில் வளையமும் தலையில் சடையுமாக வந்தவர்களை அவர்கள் விலக்கி வைக்கவில்லை.

அதே 1997இல் கலைஞர் ஜெரமி டெல்லர், ஸ்டாக்போர்ட்டின் வில்லியம்ஸ் ஃபேரி பித்தளைக் குழலிசைக் குழுவை ரேவ் இசையை வாசிக்க வைத்தார். ஒரு விமான ஆலைத் தொழிலாளர்களால் தொடங்கப்பட்ட குழு அது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வளர்ந்த இசைக் குழலில் ஆளில்லாக் கிடங்கின் இசை ஒலித்தபோது, இரண்டும் ஒரே வர்க்கத்தின் இரு தலைமுறைகள் என்பது கேட்டவர்களுக்கு விளங்கியது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்

பழைய பதிவுகளைக் கேட்போரிடம் இன்று ஓர் ஏக்கம் பரவியுள்ளது. கறுப்பர், வெள்ளையர், எதிரெதிர் அணிக் கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் ஒன்றாயிருந்த பொற்காலம் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு, மிகையும் உண்டு. நமது கடமை இரண்டையும் பிரித்துப் பார்ப்பது.

முதலாவது, போதைப்பொருள். 'எக்ஸ்டசி' மாத்திரை இந்தக் கலாச்சாரத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தது. இளம் உயிர்கள் பலியாயின. விற்பனையைக் குற்றக் கும்பல்கள் கைப்பற்றின. மான்செஸ்டர் மன்றங்களின் வாசலில் துப்பாக்கிகள் வந்தன. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தீமையைக் குறைக்கவில்லை. ஆடும் இடத்தை மாற்றியது, அவ்வளவே.

இரண்டாவது, உள்ளூர் மக்களின் துயரம். காஸல்மார்ட்டன் நிலத்தில் மேய்ச்சல் உரிமை கொண்ட சிறு விவசாயிகள் ஒரு வாரம் உறங்க முடியாமல் தவித்தனர். பொதுநிலம் அவர்களுக்கும் பொதுவானதே. அவர்களிடம் பேசாமல் அந்த விடுதலைக் கொண்டாட்டம் நடந்தது. அந்தக் கோபத்தைத்தான் பழமைவாதக் கட்சி அறுவடை செய்தது.

மூன்றாவது, வணிகம். காஸல்மார்ட்டனில் கட்டணமில்லை, ஆனால் எம்25 வட்டாரக் கூடுகைகளில் பல பெருலாப முயற்சிகள். 1989–90இல் 'ஆடும் சுதந்திரம்' என்று முழங்கிய இயக்கத்தின் முன்னணியில் நின்ற பால் ஸ்டெய்ன்ஸ் ஒரு தீவிர வலதுசாரி. சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டத்தை முறியடிக்கத் தாட்சருக்குத் துணைநின்ற டேவிட் ஹார்ட்டின் குழுவில் பணியாற்றியவர். சுதந்திரம் என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் சந்தையின் சுதந்திரமே. அமைப்பும் அரசியலும் இல்லாத இடத்தில் மூலதனம் தன் கொடியை நாட்டத் தயங்குவதில்லை.

சட்டத்தின் உண்மையான விளைவும் அதுதான். இலவசக் கூடுகைகள் ஒடுக்கப்பட்டன. உரிமம் பெற்ற பெருமன்றங்கள் செழித்தன. வேலிக்கு வெளியே குற்றமானது, வேலிக்கு உள்ளே டிக்கெட் வாங்கினால் தொழிலானது. பிறகு அந்த மன்றங்களையும் நில வணிகம் விழுங்கியது. பழைய பதிவுகளில் அடிக்கடி கேட்கும் மில்டன் கீன்ஸ் நகரின் 'சாங்சுவரி' அரங்கு 2004இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஐகியா மரச்சாமான் அங்காடி நிற்கிறது. மான்செஸ்டரின் 'ஹசியெண்டா' 1997இல் மூடப்பட்டது. அங்கு எழுந்த அடுக்குமாடி வீடுகள் அதே பெயரைச் சூடி விற்கப்பட்டன. ஆடியவர்களை விரட்டிவிட்டு, அவர்களின் நினைவைச் சரக்காக்கி விற்றார்கள்.

இரைச்சல் என்பது யார் குரல்?

கலையைக் குற்றமாக வரையறுப்பது பிரிட்டிஷ் அரசுக்குப் புதிய பழக்கமல்ல. 1876இல் நமது நாட்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது அந்த அரசே. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அச்சட்டம் நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. எஜமானர்கள் மாறினாலும் வசதியான சட்டங்களை ஆளும் வர்க்கம் எளிதில் கைவிடுவதில்லை.

1994இல் தொடங்கியது 1994உடன் முடியவும் இல்லை. 2003இல் நூறு பேர் என்ற வரம்பு இருபதாகக் குறைக்கப்பட்டது. 2022இல் வந்த காவல், குற்றம், தண்டனை மற்றும் நீதிமன்றங்கள் சட்டம், ஆர்ப்பாட்டங்களின் 'இரைச்சல்' கடும் இடையூறு விளைவிக்கக் கூடும் என்றால் காவல்துறை நிபந்தனைகள் விதிக்கலாம் என்கிறது. நடனக் கூட்டத்தின் தாளத்திற்கு எதிராகத் தொடங்கிய வாதம், முப்பது ஆண்டுகளுக்குள் தொழிலாளர் பேரணியின் முழக்கத்திற்கு எதிராக வந்து நிற்கிறது. ஆலைவாயிற் கூட்டத்திற்கு ஒலிபெருக்கி அனுமதி மறுக்கப்படுவதை அன்றாடம் எதிர்கொள்ளும் நமது தோழர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆளுவோரின் காதுக்கு எது இரைச்சல் என்பதை அவர்களது வர்க்க நலனே தீர்மானிக்கிறது.

நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1990களில் தாராளமயத்தின் அலை நம் நாட்டில் புகுந்தபோது, அதனோடு வந்த எல்லா ஒலியையும் ஏகாதிபத்தியச் சீரழிவுக் கலாச்சாரம் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடியவர்கள் நம்மில் உண்டு. இதை எழுதுபவனும் அவர்களில் ஒருவன். அந்த இரைச்சலின் பின்னால் மூடிய ஆலையும், வேலையற்ற இளைஞனும், கறுப்பின இசைஞனின் பறிக்கப்பட்ட உழைப்பும் இருந்ததை நாம் விசாரிக்கவில்லை. கலாச்சார விமர்சனம் நமது கடமை. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் விமர்சனம் விசாரணைக்குப் பின் வர வேண்டும். விசாரணையில்லாத விமர்சனம் காவல்துறை அறிக்கையின் குரலில் போய்ச் சேரும்.

இன்று நமது ஊர்களிலும் இளைஞர்கள் நமக்குப் பழக்கமில்லாத தாளங்களோடு கூடுகிறார்கள். அவர்களது இசை நமக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கு போதை இருந்தால் எதிர்ப்போம். வணிகம் சுரண்டினால் அம்பலப்படுத்துவோம். அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் மதிக்கச் சொல்வோம். ஆனால் அவர்கள் கூடும் உரிமை மீது தடியடி விழும்போது நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். அவ்வாறு நின்றவர்களிடம்தான் பிறகு வேலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் அவர்கள் காதுகொடுத்துப் பேசுவார்கள்.

அந்தப் பழைய நாடாக்களில் ஒலிவாங்கி பிடித்தவர் ஊர்ப் பெயரைச் சொல்லி அழைத்ததும் பதில் குரல் உடனே எழுகிறது. வேலை போனது, ஆலை போனது. ஊரின் பெயர் சொல்லி ஒன்றுசேரும் உணர்வு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த அழைப்பை நடனமேடைக்காரர் விடுத்தார். அதை விடுத்திருக்க வேண்டிய தொழிற்கட்சி அன்று வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கி நின்றது. அந்தத் தவறு இங்கே நேராமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.